சங்கா, குழாயா?

குழந்தைக்குப் பால் குடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். சில குழந்தைகளுக்கு வேண்டும்!

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து நடக்க வேண்டும். கர்ப்பத்தில் ஏறக்குறைய 34 வாரம் ஆன பிறகே இது கைகூடும். அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு இது வராது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் வராமல் போகலாம். அதன் வாயில் பாலை ஊற்றினால் மூச்சுக் குழலில் இறங்கிவிடும். உடம்பு நீலம் பாரிக்கும். நிமோனியா வரும். உயிருக்கே ஆபத்து!

அதனால்தான் டாக்டர்கள் மூக்கு வழியாகவோ, வாய் வழியாகவோ மெல்லிய குழாயை இரைப்பை வரை விடுகிறார்கள். அதில் தாய்ப்பாலையே கொடுக்கலாம். பல மாதம் குழாய் தேவையானால், வயிற்றில் சிறு துவாரம் செய்து அதன் வழியே கொடுப்பதும் உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மக்களுக்கு வேலூர் பக்கம்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலை, இன்று சி.எம்.சி. என்னும் பெரிய ஆஸ்பத்திரி. அடுக்கம்பாறையில் அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. தொல்லை வீடு திரும்பிய பிறகுதான் ஆரம்பம்.

"பச்சைப் பிள்ளைக்கு மூக்கில் குழாயா? பிடுங்கிப் போட்டுச் சங்கில் ஊற்று" என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். சங்கு நல்லதுதான். விழுங்கத் தெரிந்த குழந்தைக்குப் புட்டியைவிட மேல். ஆஸ்பத்திரியிலேயே குழாயை எடுக்கும் சமயத்தில் பாலாடையில் கொடுத்துப் பழக்குகிறார்கள். அந்தச் சமயம் எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

இந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெண்களே அதிகம். 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை கிடைத்தது. அதற்குள் குழாய் எடுக்கப்படாவிட்டால்? அம்மா ஷிப்டுக்குப் போனபின் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பால் விடுவது யார்? பாட்டியும் தகப்பனாரும்தான்.

ஆகவே அவர்களும் நர்சிடம் கற்றுக்கொண்டே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் பால் விடக் கூடாது. குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பாலைத் தானாக இறங்கவிட வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. இருமினாலோ, நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கழன்ற குழாயைப் பழக்கமில்லாதவர் மறுபடி நுழைக்கக் கூடாது.

இதையெல்லாம் தகப்பனார் வார்டு வாசலில் நின்றுகொண்டே கற்க முடியுமா? ஆஸ்பத்திரிகள் அவரை உள்ளே அழைக்க வேண்டும். கம்பெனி முதலாளிகளும், வேலைக்குத் திரும்பிய தாய் பாலைப் பிழிந்து வைக்கச் சுத்தமான ஓர் அறையும் கால் மணி நேரமும் தர வேண்டும்.