பையிலே ஓர் ஒற்றன்!



தேர்தல் வேலை பார்த்தவர்கள் நீங்கள். எந்த வட்டத்தில் நமக்குப் பலம், எந்த வட்டத்தில் சோர்வு, எந்தப் பேச்சாளரை எங்கே அனுப்புவது, எதிரணி பரப்பும் பொய்க்கு எப்போது மறுப்பு வெளியிடுவது — இவையெல்லாம் தலைமைப் பணியாளன் ஒருவனின் நெஞ்சிலும், இந்நாளில் அவன் கைப்பேசியிலும் அடங்கிக் கிடப்பதை நன்கு அறிந்தவர்கள். அந்தக் கைப்பேசியை ஆளவந்தாரின் ஒற்றர்கள் திறந்து வைத்துக்கொண்டு படிப்பார்களானால், நடப்பதற்குப் பெயர் தேர்தலா? ஒருவன் தன் சீட்டுகளை மூடி வைத்திருக்க, மற்றவன் தன் சீட்டுகளை விரித்து வைத்து ஆடுகிற ஆட்டமன்றோ அது!

கற்பனை செய்து கூறவில்லை. போலந்து நாட்டிலே நடந்தது. 2019-ஆம் ஆண்டுத் தேர்தலில், ஆட்சியிலிருந்த ‘சட்டமும் நீதியும்’ கட்சியை எதிர்த்து நின்ற முதன்மையான அணியின் தேர்தல் பணிகளை நடத்தியவர் கிரிஸ்டோஃப் பிரெய்சா. அவ்வாண்டு ஏப்ரல் 26-க்கும் அக்டோபர் 23-க்கும் இடையே அவருடைய கைப்பேசிக்குள் ‘பெகாசஸ்’ என்னும் உளவு மென்பொருள் 33 முறை புகுந்தது. வாக்குப்பதிவு நாளோ அக்டோபர் 13! அவரிடமிருந்து களவாடப்பட்ட குறுஞ்செய்திகள் திருத்தப்பட்டு, திரிக்கப்பட்டு, அரசின் பிடியிலிருந்த தொலைக்காட்சியிலே ஒளிபரப்பாயின. சட்டமாம், நீதியாம்! பெயர் வைப்பதிலே குறைவைக்கவில்லை அவர்கள்.

பிரெய்சாவுக்கு அப்போது தெரிந்ததா? தெரியவில்லை. தெரிவதற்கு வழியுமில்லை. இந்த ஒற்றன் கதவைத் தட்டி வருபவன் அல்லன். 2016-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் உரிமைப் போராளி அகமது மன்சூரைக் குறிவைத்தபோதாவது ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அதிலிருந்த இணைப்பைத் தொடும்படி ஆசை காட்டினார்கள். அவர் தொடவில்லை, கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்திலுள்ள ‘சிட்டிசன் லேப்’ ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார், குட்டு உடைந்தது. பின்னாளில் அந்தத் தொடுகையும் தேவையற்றுப் போயிற்று. கைப்பேசி மேசைமேல் சும்மா கிடக்கும், உரியவர் உறங்கிக்கொண்டிருப்பார், உள்ளே நுழைந்தவன் வேலையை முடித்திருப்பான்.

பிரெய்சாவின் கைப்பேசியில் நடந்த களவு 2021 டிசம்பரில்தான் வெளிப்பட்டது. சிட்டிசன் லேப் கண்டுபிடித்தது. ‘ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல்’ அமைப்பின் பாதுகாப்பு ஆய்வகம் தனியே ஆராய்ந்து ஆமென்றது. களவு நடந்து இரண்டாண்டுகளுக்குப் பின்னர்! எப்படி இயன்றது? இந்த வினாவுக்கு விடை தெரிந்துகொள்வது கட்சிப் பணியாற்றும் ஒவ்வொருவருக்கும் தேவை. ஆகவே சற்று விரிவாகவே கூறுகிறோம்.

காவல் நிலையங்களிலே கேடிப் பட்டியல் என்று ஒன்று வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். இன்னான், இன்ன ஊரான், இன்ன வகையில் பூட்டுடைப்பவன் என்று அதிலே எழுதியிருக்கும். கைப்பேசியைச் சோதிக்கும் முறையும் ஏறத்தாழ அதுவே. உளவு மென்பொருள் எந்த இணைய முகவரிகளோடு பேசும், உள்ளே எந்தப் பொய்ப்பெயரில் இயங்கும், எந்தக் கணக்கிலிருந்து செய்தி அனுப்பும் என்னும் அடையாளங்களை விதிகளாக எழுதி ஒரு கோப்பிலே தொகுக்கிறார்கள். கைப்பேசியின் காப்புப் பிரதியைக் கணினியில் எடுத்து, அதிலுள்ள செய்திகளையும் இணைய உலாவலின் பதிவுகளையும், எந்தச் செயல் எவ்வளவு தரவு செலவிட்டது என்ற கணக்கையும் அந்த விதிகளோடு ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போனால், துப்புக் கிடைத்தது என்று பொருள்.

இதற்கான கருவியை ஆம்னெஸ்டி ஆய்வகம் 2021 ஜூலையில், மூல நிரலோடு எவரும் எடுத்துக்கொள்ளும்படி உலகுக்கு அளித்தது. கருவி வேறு, விதிப்பட்டியல் வேறு என்று பிரித்து வைத்ததிலேதான் அதன் சிறப்பு. புதிய கேடி அகப்பட்டால் கருவியை உடைத்துக் கட்ட வேண்டியதில்லை. பட்டியலிலே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி சேர்ந்த மறுகணம், முன்பே எடுத்து வைத்த பழைய பிரதிகளையெல்லாம் மீண்டும் படித்துப் பார்க்கலாம். நேற்றைய களவை இன்றைய விதி பிடிக்கும்!

இதற்கோர் எடுத்துக்காட்டு. சவுதி அரேபியாவைச் சேர்ந்த செயற்பாட்டாளர் ஒருவரின் கைப்பேசியை 2021 மார்ச் மாதம் சிட்டிசன் லேப் ஆராய்ந்தது. பெகாசஸ் புகுந்திருப்பது தெரிந்தது. அவருடைய காப்புப் பிரதி ஒன்றும் எடுத்து வைக்கப்பட்டது. பின்னர் அதே பிரதியை மீண்டும் துருவியபோது, படக் கோப்புகள் போலப் பெயர் சூட்டிக்கொண்டு, உண்மையில் படங்களாக இல்லாத சில கோப்புகள் கண்ணிற் பட்டன. அவையே தாக்குதலின் ஆயுதம். செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 13-ஆம் நாள் ஓட்டை அடைக்கப்பட்டது. மார்ச்சு மாதத்துப் பிரதியை வேலை முடிந்ததென்று அழித்திருந்தால்? அந்த ஓட்டை வழியே இன்னும் எத்தனை பேரின் வீட்டுக்குள் நுழைந்திருப்பார்களோ!

களவாடுவோரும் சும்மா இருப்பவர்களல்லர். பட்டியல் வெளியானால் தங்கள் முகவரிகளை மாற்றிவிடுகிறார்கள், தடயத்தை அழிக்கிறார்கள். ஐபோனில் எந்தச் செயல் எவ்வளவு தரவு செலவிட்டது என்பதற்கு ஒரு கணக்கேடு உண்டு. அதில் இரண்டு அட்டவணைகள்: ஒன்றில் செயலின் பெயர், மற்றொன்றில் அதன் செலவு. பெகாசஸ் தன் பெயரை முதல் அட்டவணையிலிருந்து அழித்துவிட்டது. செலவை மற்றதிலிருந்து அழிக்கவில்லை! பெயரில்லாத செலவு மட்டும் அங்கே நின்றது. கணக்குப்பிள்ளையாயிருந்து பழகிய எந்தத் தோழரும் இதைக் கேட்டால் நகைப்பார். ஆம்னெஸ்டி ஆய்வாளர்கள் அதையே ஒரு துப்பாகக் கொண்டார்கள். அழித்த தடமே தடமாயிற்று.

இதைக்கொண்டு, “பட்டியலோடு ஒப்பிட்டோம், ஒன்றும் அகப்படவில்லை, ஆகவே நம் கைப்பேசி தூய்மையானது” என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பட்டியலில் இல்லாத கேடி பட்டியலிலே அகப்படமாட்டான். ஆம்னெஸ்டியின் கருவியே தன் விளக்கக் குறிப்பில், பொதுவில் கிடைக்கும் அடையாளங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கைப்பேசிக்குத் தூய்மைச் சான்று வழங்க இயலாது என்று எச்சரிக்கிறது. மேலும், ஆண்டிராய்டு கைப்பேசிகளில் இத்தகைய பதிவுகள் ஐபோனில் இருப்பதைக் காட்டிலும் குறைவாகவே தங்குகின்றன. நம் தோழர்களில் பெரும்பாலோர் கையிலிருப்பது எது என்பதை நாம் சொல்ல வேண்டுமா?

இனி அரசியலுக்கு வருவோம். விதியை எழுதுபவன் யார்? மாற்றுபவன் யார்? அவன் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பவன் யார்?

2024 ஜூலை 19 அன்று உலகமே ஒரு பாடம் படித்தது. ‘கிரௌட்ஸ்டிரைக்’ என்னும் அமெரிக்க நிறுவனம், கணினிகளைக் காக்கும் தன் மென்பொருளுக்குப் புதிய விதிக்கோப்பு ஒன்றை அனுப்பியது. விதி எதிர்பார்த்தது 21 உள்ளீடுகள். மென்பொருள் கொடுத்ததோ 20. இல்லாத ஒன்றைத் தேடிப் போய் கணினிகள் கவிழ்ந்தன. தவறென்று அறிந்து 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 85 லட்சம் கணினிகள் முடங்கிவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் பறக்கவில்லை, மருத்துவமனைகளில் அலுவல் நின்றது. களவாணி எவனும் வரவில்லை. காவற்காரன் தவறி விழுந்ததிலேயே இவ்வளவு! ஒரே நேரத்தில் உலகெங்கும் உள்ள கணினிகளுக்கு விதி அனுப்பும் உரிமை சிலர் கையிலே குவிந்திருப்பதும், அனுப்புமுன் அதைச் சோதிக்கும்படி கேட்க எவருமில்லாததும் எளிய செய்திகளா?

இந்த நிகழ்ச்சியைக் காட்டி, “விதிகளை மாற்றாமலே இருந்துவிடலாம்” என்பாரும் உளர். பட்டியலை மாற்றாத காவல் நிலையம், பத்தாண்டுக்கு முன் இறந்துபோன கேடியைத் தேடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். விதி மாறத்தான் வேண்டும். மாறுவது நம் கண்முன் மாற வேண்டும். எவரும் படித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். போலந்திலே அரசு சொன்னதை அப்படியே ஏற்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பாருங்கள். “பொய்ச் செய்தி” என்றார் பிரதமர் மொராவியெட்ஸ்கி. 2022 ஜனவரியில் ஆளுங்கட்சித் தலைவர் காச்சின்ஸ்கியே மென்பொருளை வாங்கியது உண்மை என்றார். எதிர்க்கட்சியினர்மேல் ஏவவில்லை என்று மட்டும் சாதித்தார். வாங்கிய பணம் எது தெரியுமா? குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதற்கென்று நீதித்துறையின்கீழ் வைத்திருந்த நிதியிலிருந்து இரண்டரைக் கோடி ஸ்லோட்டி! 2023 அக்டோபரில் ஆட்சி தோற்றது. புதிய நீதியமைச்சர் போட்னர், 2017 முதல் 2022 வரை 578 பேர் பெகாசஸுக்கு இலக்காயினர் என்று 2024 ஏப்ரலில் பாராளுமன்றத்துக்குத் தெரிவித்தார். முன்னாள் நீதியமைச்சர் ஜியோப்ரோவின் சட்டப் பாதுகாப்பைப் பாராளுமன்றம் 2025 நவம்பரில் நீக்கியது. முதல் நூல் பிடிபட்டது எங்கே? வெளிநாட்டு ஆய்வாளர்களின் விதிப்பட்டியலிலே.

நம் நாட்டிலே? 2021-இல் பெகாசஸ் பற்றிய செய்திகள் வந்தபோது உச்ச நீதிமன்றம், தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்ட மாத்திரத்தில் அரசை விட்டுவிட முடியாது என்று கூறி, அக்டோபர் 27 அன்று தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்தது; ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையிட்டார். 29 கைப்பேசிகள் சோதிக்கப்பட்டன. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ் என்று உறுதியாகவில்லை என்றும், ஒன்றிய அரசு குழுவோடு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே கூறப்பட்டது. மகிழ்ந்தார்கள் ஆளவந்தார்கள், தீர்ப்பே கிடைத்துவிட்டதுபோல!

நாம் கேட்கிறோம்: அந்த 29 கைப்பேசிகளை எந்த விதிப்பட்டியலைக் கொண்டு பார்த்தார்கள்? 2022-க்குப் பின் கண்டறியப்பட்ட அடையாளங்களைக் கொண்டு அந்தப் பிரதிகளை மீண்டும் படிக்கச் செய்வதில் என்ன தடை? சவுதிச் செயற்பாட்டாளரின் பிரதியை மறுபடி படித்ததால் உலகுக்கு உண்மை கிடைத்தது. அந்த ஐந்து கைப்பேசிகளில் இருந்தது பெகாசஸ் அன்று என்றால், பின் எது? யாருடையது? நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய வினாக்கள் இவை. மாவட்டக் கூட்டங்களிலும் எழுப்பலாம். தொழில்நுட்பம் நமக்கேன் என்று ஒதுங்கி நிற்க இது இயந்திர விவகாரம் மட்டுமன்று.

அதுவரை செய்யக்கூடியது சிலவுண்டு. பொறுப்பிலிருக்கும் தோழர்கள் தங்கள் கைப்பேசியின் மென்பொருள் புதுப்பிப்பை நாளை நாளை என்று தள்ளிப்போட வேண்டாம். மூன்று மாதத்துக்கொரு முறையேனும் காப்புப் பிரதி எடுத்து, நாளிட்டு, பத்திரமாக வையுங்கள். ஐபோன் வைத்திருப்போர் கடவுச்சொல்லிட்டு மறைகுறியாக்கிய பிரதியாகவே எடுங்கள். சோதனைக்கு வேண்டிய பதிவுகள் அதில்தான் கூடுதலாகச் சேரும். கூலிக்கு விற்கப்படும் உளவு மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்காகியிருக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வருமானால், அச்சத்தில் கைப்பேசியைத் துடைத்தழித்துப் புதிதாக்கிவிடாதீர்கள். சான்றும் அதோடு போய்விடும். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ‘ஆக்சஸ் நௌ’ அமைப்பின் இணையப் பாதுகாப்பு உதவிப் பிரிவை அணுகுங்கள். இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது; கட்டணமில்லை. எச்சரிக்கை அனுப்பும் ஆப்பிள் நிறுவனமே அந்த இடத்தைத்தான் சுட்டுகிறது.