கேஸ் 'எக்ஸ்பார்ட்டி' ஆயிருச்சுண்ணே!

காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் ரெண்டு வகை ஆசாமிகளைப் பார்க்கலாம். ஆண்டாளைப் பார்க்கப் போகிறவர்கள். ஜட்ஜைப் பார்க்கப் போகிறவர்கள். கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருந்தாலும், மாவட்ட கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில்தானே! ரெண்டாவது வகையினர் பேச்சில் அடிக்கடி அடிபடும் வார்த்தை 'எக்ஸ்பார்ட்டி'. ''நாலு வாய்தா போகலை... எக்ஸ்பார்ட்டி ஆக்கிப்புட்டாங்கண்ணே!''

எக்ஸ் எம்.எல்.ஏ. தெரியும். எக்ஸ் சர்வீஸ்மேன் தெரியும். அதென்ன எக்ஸ் பார்ட்டி, மாஜி கட்சிக்காரரா?

இல்லை சார். அது 'எக்ஸ் பார்ட்டே'. சுத்தமான லத்தீன். 'பார்ஸ்' என்றால் பக்கம். 'எக்ஸ்' என்றால் 'இருந்து'. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்டது என்று அர்த்தம். எக்ஸ் எம்.எல்.ஏ.வில் இருப்பதும் இதே எக்ஸ்தான்... பதவியிலிருந்து வெளியே! ரோமாபுரி வார்த்தை, இங்கிலீஷ் கோர்ட் வழியாக வந்து, 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் உட்கார்ந்து, இப்போது நம்மூர் டீக்கடை பெஞ்சில் அரபு, பாரசீக வழி வந்த வாய்தா, ஜப்தியோடு சேர்ந்து டீ குடிக்கிறது.

சிநேகிதனுக்காக ஷ்யூரிட்டி கையெழுத்துப் போட்ட இளைஞர்கள் கவனிக்க... 'சம்மனை வாங்காம விட்டா கேஸ் நிக்காது' என்பது டீக்கடைச் சட்டம். நிஜச் சட்டத்தில், வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். கொடுத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு நீங்கள் போகாவிட்டால், எதிராளியின் குரல் மட்டும்தான் ஜட்ஜ் காதில் விழும். அதற்காக அவர் கேட்டதெல்லாம் அப்படியே கிடைத்துவிடாது. அவரும் சாட்சி, ஆதாரம் காட்டியாக வேண்டும். ஆனால், 'இந்தக் கையெழுத்து என்னுதில்லே' என்று சொல்ல ஆள் இருக்காதே! டிக்ரி ஆனால், சம்பளத்துக்கே ஜப்தி வரலாம்.

பரிகாரம் உண்டு. தீர்ப்பு வந்த 30 நாளுக்குள், சம்மன் வரவில்லை என்றோ, வரமுடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்டியோ 'செட் அஸைட்' மனு போடலாம். சம்மனே வரவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதற்கும் லேட்டானால், லேட்டுக்குத் தனி மனு!

அதைவிட, சம்மன் வந்த அன்றே வக்கீலைப் பார்த்துவிட்டு, வாய்தாவுக்கு பஸ் ஏறுவது சுலபம். திரும்பும்போது பால்கோவாவாவது மிஞ்சும்.

நீங்கள் லீவு போட்ட அன்று ஆபீஸ் கேன்டீனில் உங்களைப் பற்றி நடக்கிறதே ஒரு விசாரணை, அதுவும் எக்ஸ்பார்ட்டிதான். அதற்குத்தான் செட் அஸைட் மனுவே கிடையாது!