பிள்ளைகளா, அடியார்களா?



கம்பம் பள்ளத்தாக்கில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். உத்தமபாளையத்துப் பிள்ளையும் இராயப்பன்பட்டிப் பிள்ளையும் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஆகவே என் மகள் அண்மையில் கேட்ட கேள்வி எனக்கு வியப்பளிக்கவில்லை. "அத்தா, என் தோழி இறைவனைப் பிதாவே என்று அழைக்கிறாள். தன்னைத் தேவனுடைய பிள்ளை என்கிறாள். நாம் மட்டும் ஏன் அடிமை என்கிறோம்? எது நெருக்கமான உறவு?"

இத்தகைய கேள்விக்கு நம்மில் பலர் வைத்திருக்கும் விடை, "இறைவனுக்கு மனைவி உண்டா?" என்று எதிர்க்கேள்வி கேட்பதாகும். அது பிள்ளையின் வாயை அடைக்கும், ஐயத்தைத் தீர்க்காது. ஏனெனில் அவளுடைய தோழி அப்படிச் சொல்லவேயில்லை. பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் பேசுவது பெற்றெடுத்தலை அன்று, தத்தெடுத்தலை. தமிழ் வேதாகமம் அதைப் புத்திர சுவிகாரம் என்கிறது. வாரிசு இல்லாத ரோமானியச் செல்வர் அயலான் மகனைத் தன் மகனாக ஏற்றுச் சொத்துரிமை தந்த வழக்கம் அன்று பரவலாக இருந்தது. அந்தப் படிமத்தைக் கொண்டே, நீங்கள் இனி அடிமைகள் அல்லர், புத்திரர்கள், சுதந்தரவாளிகள் என்ற கருத்தை அவர் நிறுவுகிறார். மறுப்பதென்றால் இதைத்தான் மறுக்க வேண்டும். பிறர் சொல்லாததை மறுத்து வெற்றி கொண்டாடுவது நீதமன்று.

இஸ்லாத்தின் மறுப்பு சுவிகாரம் என்ற இந்த இடத்திலேயே தொடங்குகிறது. ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அடிமையாக விற்கப்பட்டவர். நபி (ஸல்) அவர்கள் அவரை விடுதலை செய்து மகனாக்கிக்கொண்டார்கள். மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தனர். பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 ஆம் வசனங்கள் இறங்கின. வளர்ப்பு மகன்கள் வாயால் சொல்லப்படும் மகன்களே. அவர்களை அவரவர் தந்தையின் பெயராலேயே அழையுங்கள் என்பது கட்டளை. ஸைத் அந்த உயர்ந்த பெயரை இழந்தார். ஆனால் நபித்தோழர்களுள் அல்குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவர் ஒருவரைத்தான் (33:37). மகன் என்ற பட்டம் போனது. நேசத்தில் எள்ளளவும் குறையவில்லை. மனிதருக்கிடையிலேயே சொல்லால் ஆன புத்திரத்துவத்தை ஏற்காத மார்க்கம், படைத்தவனுக்கும் படைப்புக்கும் இடையில் அதை எப்படி ஏற்கும்?

மகளை உறுத்தியது 'அடிமை' என்ற சொல். அதில் வியப்பில்லை. நம் மண்ணில் அச்சொல்லுக்குப் பண்ணையாரின் சாட்டையும் வாசலுக்கு வெளியே நிற்கும் மனிதனும்தான் பொருள். அரபியின் 'அப்து' நம் வழிபாட்டில் வேறு மணம் கொண்டது. மிஃராஜ் இரவைச் சொல்லும் வசனம் நபியை அழைப்பது தூதர் என்றன்று, தன் அடியார் என்று (17:1). தொட்டிலில் பேசிய ஈஸா (அலை) அவர்களின் முதற்சொல்லும், தாம் அல்லாஹ்வின் அடியார் என்பதே (19:30). பவுலும் ரோமருக்கு எழுதிய அதே நிருபத்தின் முதல் வரியில் தம்மைக் கிறிஸ்துவின் அடிமை என்றே கிரேக்கத்தில் அறிமுகம் செய்துகொள்கிறார்! அடிமை என்பது அவருக்கும் இழிவாகத் தோன்றவில்லை.

நெருக்கம் என்கிறாயே மகளே, பிடரி நரம்பைவிட அருகில் என்று அவனே சொன்ன பின்பு (50:16) எந்த உறவுப்பெயர் அதைவிட அருகில் வரும்? கைதிகளிடையே தன் குழந்தையைக் கண்டெடுத்து மார்போடு அணைத்துப் பாலூட்டிய தாயைக் காட்டி, இவளைவிட அல்லாஹ் தன் அடியார்கள்மீது இரக்கமுள்ளவன் என்று நபியவர்கள் உணர்த்தியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தாயன்பு உவமையாக வந்தது, உறவாக ஆக்கப்படவில்லை. (படைப்பினங்கள் அல்லாஹ்வின் குடும்பம் என்றொரு செய்தியை மேடைகளில் சிலர் ஓதுகிறார்கள். அது பலவீனமான அறிவிப்பு. நமக்கு அது தேவையும் இல்லை.)

அல்மாயிதாவின் 18 ஆம் வசனம், நாங்கள் இறைவனின் பிள்ளைகள், நேசர்கள் என்போரிடம், அப்படியானால் பாவங்களுக்காக அவன் ஏன் உங்களைத் தண்டிக்கிறான் என்று கேட்கச் சொல்கிறது. நீங்களும் அவன் படைத்த மனிதர்களே என்கிறது. பிள்ளை என்ற பெயர் மனிதரைச் சமமாக்கியதா என்றும் கேட்கலாம். கிறிஸ்துவுக்குள் அடிமையும் சுயாதீனனும் ஒன்று என்பது கலாத்தியர் நிருபத்தின் போதனை. ஆயினும் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர் எழும்பியது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், ஒரே ஆலயத்தைச் சேர்ந்த இரு சாதியாரின் மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் உயிரிழந்தனர். அதே திருச்சபைக்குள்ளிருந்தே இவற்றுக்கெதிராகப் போராடியவர்கள் உண்டு. அதை மறைப்பது அநீதி.

இதை எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது. அதே வசனம் நம்மையும் நோக்கித் திரும்புகிறது. தம் அருமை மகள் ஃபாத்திமாவிடமே, அல்லாஹ்விடம் உனக்காக நான் எதுவும் செய்ய இயலாது என்று எச்சரித்த நபியின் உம்மத் நாம். ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்ற பெயர்கள் தொழுகை வரிசையில் இல்லை. திருமணப் பேச்சு தொடங்கியதும் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன.

மகளுக்கு ஸைதின் வரலாற்றைச் சொன்னேன். விடுதலையான அடிமையான அவருக்கு, நபியவர்கள் தம் மாமி மகள் ஸைனபையே மணமுடித்து வைத்ததையும் சொன்னேன். மணவாழ்வு நிலைக்கவில்லை என்றாலும், குலம் பார்க்காமல் கொடுத்தார்கள் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அப்படியானால் அண்ணனுக்கு, நம் ஜமாஅத்தில் முடிதிருத்துகிறாரே, அவர் வீட்டுப் பெண்ணைக் கேட்பீர்களா அத்தா?" என்றாள்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.