"சர்வர் டவுன்" என்பது ஒரு பதிலா?

அமாவாசையன்று அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று மறுநாள் போனாலும், கவுண்டரில் கிடைப்பது அதே பதில்: "சர்வர் டவுன்." பட்டா நகலுக்காக வந்த வயசாளி, அன்றைய கூலியையும் இழந்து ஊர் திரும்புகிறார்.

ஓய்வு பெற்ற குமாஸ்தாவாகச் சொல்கிறேன், இது பதிலே அல்ல. எங்கள் காலத்தில் கோப்பு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று தன்பதிவேட்டைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். "கோப்பு டவுன்" என்றால் மெமோதான். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலும் 'பான்' என்றால் பழுது. என்ன பழுது என்று அடுத்த கேள்வி உடனே வரும்.

கம்ப்யூட்டர் மழுப்புவதில்லை. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால், பெரும்பாலும் எதிர்முனைக் கம்ப்யூட்டர் இருக்கிறது, டேட்டாபேஸ்தான் ஓடவில்லை அல்லது போர்ட் எண் தவறு. மைஎஸ்க்யூஎல்லுக்கு வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432. 'டைம்டு அவுட்' என்றால் வழியில் லைன் இல்லை, அல்லது ஃபயர்வால் மறிக்கிறது. 'ஆக்சஸ் டினைடு' என்றால் சர்வர் நன்றாகவே இருக்கிறது. பாஸ்வேர்டோ அனுமதியோதான் சரியில்லை. அப்போதும் "டவுன்" என்பது பச்சைப் பொய்.

"லினக்ஸ் வந்ததால்தான் தொல்லை" என்பார்கள் சிலர். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பிலிருந்தபோது எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறியது. வித்தியாசங்கள் உண்டு, மறுக்கவில்லை. மைஎஸ்க்யூஎல்லில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தால் லினக்ஸ் சாக்கெட் ஃபைல் வழியாகப் போகும், விண்டோஸ் நெட்வொர்க் வழியாகப் போகும். ஃபைல் இடம் மாறியிருந்தால் இணைப்பு வராது, 127.0.0.1 என்று கொடுத்தால் பல நேரம் வந்துவிடும். அட்டவணைப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் "அப்படி அட்டவணையே இல்லை" என்னும். இதெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கிற சங்கதி. அந்த அரைப் பக்கத்தை யாரும் கொடுக்காததால், கவுண்டரில் இருக்கும் அந்தப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை. அவருக்கும் மேலிருந்து வருவது அதே இரண்டு சொல்தான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை திரையில் வந்த வாசகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தேதி, மணி, வாசகம் மூன்றையும் குறித்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்குங்கள்.