செயின் மட்டும் போதாது
பொழியூர், பாறசாலை ஆகிய கேரள-தமிழக எல்லையோரச் சாலைகளில் ஓடும் பழைய ஸ்விஃப்ட் டீசல் கார்களின் 1248 சிசி டர்போ என்ஜின், அதாவது வெளியேறும் புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே அழுத்தும் ஃபியட் வடிவமைப்பு, 2020இல் பி.எஸ். 6 புகை மாசு விதி வந்ததோடு மாருதியின் தயாரிப்பிலிருந்து நின்றுவிட்டதால், உதிரிபாகத் தேர்வே இனி அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கிராங்கையும் கேம் தண்டையும் இணைத்து வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைக் காக்கும் டைமிங் செயின் நீண்டு தளரும்போது, அதை இறுக்கிவைக்கும் டென்ஷனரும் வழிகாட்டிப் பட்டைகளும் பல்சக்கரங்களும் பெரும்பாலும் உடன் தேய்ந்திருக்குமாதலால், செயினை மட்டும் மாற்றுவது சிக்கனமாகாது. ஸ்பிரிங் தேர்விலும் கவனம் வேண்டும்: வால்வை மூடிவைக்கும் ஸ்பிரிங், உட்செல்லும் காற்றழுத்தம் வால்வைத் திறந்துவிடாமலும், என்ஜின் வேகமாகச் சுழலும்போது வால்வு கேமின் அசைவிலிருந்து விலகாமலும் காக்கும் அளவுக்கு வலுவாயிருந்தால் போதும்; அதற்கு மேற்பட்ட விறைப்பு கேம் தண்டையும் செயினையும் விரைவில் தேய்க்கும். டர்போ அழுத்தத்தைக் கூட்டாதவருக்கு நிறுவனம் குறித்த ஸ்பிரிங்கே சரியானது.