கூட்டம் சான்றாகுமா?

ஒரு போதகரின் பின்னே மக்கள் திரண்டார்கள் என்றால், அவர் போதனை அவர்தம் நெஞ்சில் பதிந்துவிட்டது என்று முடிவு கட்டுவோர் நம்மவரிடையேயும் உளர். கிறிஸ்தவ அன்பரிடையேயும் உளர். சுவிசேஷங்களைக் கையிலேந்தி, ‘எத்தனை ஆயிரம் பேர் பாருங்கள்!’ என்று வியப்போரை நாம் கண்டிருக்கின்றோம். அந்நூல்களை முறையாகப் படித்திருப்பின் இவ்வாதத்தை அவர்கள் எடுத்திருக்கமாட்டார்கள் என்பதே நம் துணிபு.

நபி ஈஸா (அலை) அவர்களுக்கு அருளப்பெற்ற இன்ஜீல் வேறு, இன்று வழங்கும் நான்கு நூல்கள் வேறு என்பது நம் கொள்கை. அவ்வழக்கை ஈண்டு எடுக்கவில்லை. அந்நூல்கள் கூறுவதை அவை கூறியவாறே நோக்குவோம்.

மாற்குவின் முதல் அதிகாரமே போதும். கலிலேயா ஏரிக்கரையிலுள்ள கப்பர்நகூமில், ஓய்வுநாளன்று, பேய் பிடித்த ஒருவன் ஜெபஆலயத்தில் நலமடைகின்றான். பொழுது சாய்ந்ததும் ஊரே வாசலில் வந்து நிற்கின்றது. மறுநாள் விடியுமுன் அவர் தனித்த இடம் சென்று வணங்கிக்கொண்டிருக்க, சீடர் தேடி வந்து, எல்லாரும் தங்களைத் தேடுகின்றனர் என்கின்றனர். நம் காலத்து மேடைப் பேச்சாளர் ஒருவர் இச்செய்தியைக் கேட்டிருந்தால் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு விரைந்திருப்பார்! அவரோ அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டுவிடுகின்றார்.

பிறகு குஷ்டரோகி ஒருவன் குணமடைகின்றான். யாரிடமும் சொல்லாதே என்று அவனைக் கண்டித்து அனுப்புகின்றார். அவன் கேட்டானா? போகுமிடமெல்லாம் பறைசாற்றினான். விளைவு என்ன? அவர் வெளிப்படையாக ஊருக்குள் நுழையவே இயலாது போயிற்று. வெளியே, ஆளற்ற இடங்களில் தங்க நேர்ந்தது. யூதச் சட்டப்படி ஊருக்கு வெளியே வாழ வேண்டியவன் குஷ்டரோகி. அவன் உள்ளே சென்றான். அவனைக் குணப்படுத்தியவர் வெளியே நின்றார். இதையா புகழின் வெற்றி என்பது?

மூன்றாம் அதிகாரத்தில் இதுமேயா, தீரு, சீதோன் வரையிலிருந்து மக்கள் வருகின்றனர். காரணத்தையும் மாற்குவே கூறுகின்றார்: அவர் செய்தவற்றைக் கேள்விப்பட்டு வந்தனராம். நெரிசலில் நசுங்காதிருக்கப் படகு ஒன்றை ஆயத்தமாக வைக்கச் சொல்கின்றார், உண்ணவும் நேரமில்லை.

5 அப்பமும் 2 மீனும் 5,000 ஆடவர்க்குப் போதிய நிகழ்ச்சியை நான்கு நூல்களும் கூறுகின்றன. அதன் பின்விளைவை விரித்துரைப்பவர் யோவான். உண்டவர்கள் அவரைப் பிடித்து அரசராக்க முனைய, அவர் தனியே மலைக்கு விலகிச் செல்கின்றார். மறுநாள் ஏரி கடந்து தேடி வந்தோரிடம், வயிறு நிரம்பியதாலன்றோ தேடுகின்றீர்கள் என்று முகத்துக்கு நேரே கூறுகின்றார். ஆயிரங்களைக் காட்டி வியப்போர் இவ்விடத்தை ஏன் மறைக்கின்றனர்? அதே அதிகாரத்திலேயே, போதனை கடினமானதும் சீடர் பலர் திரும்பிப் போகின்றனர். எஞ்சிய 12 பேரை நோக்கி, நீங்களும் போகப் பார்க்கின்றீர்களா என்று கேட்கின்றார். போகவேண்டாம் என்று கெஞ்சவில்லை.

இவ்வரலாற்றின் முடிவு குறித்து நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு யாவரும் அறிந்ததே. எனினும் லூக்கா கூறும் ஒரு காட்சியை விட்டுவிட மனமில்லை. கலிலேயாவை ஆண்ட ஏரோது, அவரைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டு, அற்புதம் ஒன்றைக் காண நெடுநாள் ஆவல் கொண்டிருந்தான். முன்னே நிறுத்தப்பட்டபோது மகிழ்ந்தான். பல வினாக்கள் தொடுத்தான். ஒன்றுக்கும் விடை கிடைக்கவில்லை. உடனே அவன் மகிழ்ச்சி ஏளனமாயிற்று; பகட்டான ஆடையொன்றை உடுத்தி, பிலாத்துவிடமே திருப்பி அனுப்பிவிட்டான்.