சுடுகாட்டுப் பூன்னு ஒதுக்காதீங்க!

எங்க காலேஜ் ஆபீஸ் முன்னாடி ஒரு புல்தரை இருக்கு. மே மாச வெயில்ல அதைப் பச்சையா வச்சிருக்க தினமும் ஹோஸ் பிடிக்கறாங்க. அதே சமயம் ஹாஸ்டலுக்கு லாரித் தண்ணி! சரி, அந்தப் புல்லுல உட்காரவாவது விடறாங்களா? "நடக்காதீர்கள்"னு போர்டு. வெறுமனே பார்க்கறதுக்குத்தான்னா, செம்மண்ணும் சரளையுமா கிடக்கற இடத்துல புல் எதுக்கு? நித்யகல்யாணியை நடலாமே.

"ஐயே, சுடுகாட்டு மல்லியா?"ன்னு முகம் சுளிக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. யாரும் தண்ணி ஊத்தாத, எரு போடாத இடத்துலயும் பூத்துக் கிடக்கற செடி அது. இது குறையா, தகுதியா? பூர்வீகம் மடகாஸ்கர். நம்ம தென் மாவட்டங்கள்ல மானாவாரிப் பயிராவே போடறாங்க. 1958-ல கனடாவுல நோபிள், பியர்னு ரெண்டு பேர் இதோட இலையிலிருந்து வின்பிளாஸ்டின் மருந்தைப் பிரிச்சாங்க. இதே செடி தர்ற வின்கிரிஸ்டின்தான் குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்கு இன்னிக்கும் கொடுக்கற மருந்து. அபசகுனமாம்!

ரெண்டடிக்கு மேல பெரும்பாலும் வளராது. ஓரடி இடைவெளியில நட்டு, நுனியைக் கிள்ளி விட்டா பக்கக் கிளை விட்டுப் படர்ந்து தரையை மூடிடும். அப்புறம் மண்ணுல நேரா வெயில் படாது, களையும் குறையும். ஆனா மூடற வரைக்கும் முதல் சில மாசம் கோரையைப் பிடுங்கித்தான் ஆகணும், அதுல சோம்பேறித்தனம் கூடாது. நிழல்ல வச்சா நெடுநெடுன்னு போகும், பூ இருக்காது. யூரியாவை அள்ளிப் போட்டா வெறும் இலைதான். தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். மொத்தத்துல நாம கொஞ்சம் அலட்சியமா இருந்தாலே அதுக்குச் சந்தோஷம் :)

உண்ணிச்செடியும் வறண்ட மண்ணுல அழகாப் பூக்குமேன்னு கேட்பீங்க. வேண்டவே வேண்டாம். அழகுக்குன்னு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, முதுமலைக் காட்டுக்குள்ள போய் புல்லையே முளைக்க விடாம அடைச்சு நிக்குது.

ஒரு எச்சரிக்கை. நித்யகல்யாணி முழுக்க விஷம். ஆடு மாடு அனேகமா வாய் வைக்காது, அது நமக்கு வசதி. ஆனா "சுகருக்கு நல்லது"ன்னு யாராவது சொன்னா இலையை மெல்லாதீங்க.

விதைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காய் பழுத்து வெடிக்கறதுக்குள்ள பறிச்சுக் காய வைங்க. விதைச்சதும் லேசா மண்ணால மூடுங்க, இருட்டுலதான் நல்லா முளைக்கும்.